களத்தில் நெல் இல்லாத நாள்

இந்த நினைவு மலரின் முதல் பக்கத்தில் உள்ள படத்தில் அப்பா உங்களைப் பார்க்கவில்லை. சற்று மேலே பார்க்கிறார். மில்லின் அடையாள அட்டைக்காக எடுத்த படம் அது. வேறு படம் எங்களிடம் இல்லை. "ஐயா, இங்க பாருங்க" என்று ஸ்டுடியோக்காரர் பலமுறை சொல்லியும் பயனில்லையாம். அன்று வெளியே மேகம் கட்டியிருந்தது. ஸ்டுடியோவின் சின்ன ஜன்னல் வழியாக அப்பாவின் கண் வானத்துக்குப் போய்விட்டது. அவருடன் வேலை செய்தவர்களுக்கு இது மிகச் சரியான படமாகத் தோன்றும். மற்றவர்களுக்காக இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

தேசூருக்கு அருகில் ஒரு சிற்றூரில், சொந்த நிலம் இல்லாத குடும்பத்தில் அப்பா பிறந்தார். பிறர் வயலில் கூலி வேலை செய்துதான் குடும்பம் நடந்தது. ஐந்தாம் வகுப்புக்குப் பிறகு அப்பாவும் அந்த வேலைக்குப் போனார். மீசை அரும்பிய வயதில் ஆரணிக்கு வந்தார். வந்தபோது அவரிடம் இருந்தவை ஒரு மாற்று வேட்டி, ஒரு துண்டு, ஓர் அரிசி மில் மேஸ்திரியின் பெயர். இந்த ஊரில் அவருக்கு உறவென்று ஒருவரும் இல்லை.

மில்லில் அவருக்குக் களத்து வேலை கிடைத்தது. அவித்த நெல்லைக் களத்தில் பரப்பி, வெயிலில் துழாவிக் காய வைக்க வேண்டும். மழைத்துளி விழுந்தால் எல்லோரும் ஓடிவந்து நெல்லைக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூட வேண்டும். நனைந்த நெல் வீணாகிவிடும். அதனால் களத்து ஆட்கள் சாப்பிடும்போதும் பேசும்போதும் ஒரு கண்ணை வானத்திலேயே வைத்திருப்பார்கள். முதல் துளி மேலே பட்டதும் அவர்கள் யோசிப்பதில்லை. கால் தானாகக் களத்தை நோக்கி ஓடும்.

அந்தக் களத்துக்கும் பக்கத்துக் கல்லூரியின் கூடைப்பந்து மைதானத்துக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்தான். மாலை நேரங்களில் பந்து சுவரைத் தாண்டிவந்து நெல்லில் விழும். மேஸ்திரி திட்டுவார். அப்பா பந்தை எடுத்து, ஒட்டியிருக்கும் நெல்லைத் துண்டால் தட்டிவிட்டு, திருப்பி எறிவார். மில்லில் அப்போது அவரை எல்லோரும் "டேய் தேசூரான்" என்றுதான் கூப்பிட்டார்கள். சுவருக்கு மேலே தலையை நீட்டிய ஒரு மாணவர்தான் முதல்முதலில், "அண்ணே, பந்து வந்துச்சா?" என்று கேட்டாராம். இதை அப்பா என்னிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். "அண்ணேன்னு கூப்ட்டாங்க கண்ணு" என்பார். அவருக்கும் கூடைப்பந்துக்கும் உள்ள தொடர்பு அவ்வளவுதான். அவர் அந்தப் பந்தைக் கூடையில் போட்டதே இல்லை.

அம்மா பட்டு நூல் சுற்றும் வேலை செய்தார். எழுபதுகளின் நடுவில், நான் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது, காமாலையில் இறந்தார். தேசூரிலிருந்து வந்த அத்தை என்னைத் தன்னோடு அனுப்பும்படி கேட்டார். இன்னொரு திருமணம் செய்துகொள்ளும்படி மற்றவர்கள் சொன்னார்கள். அப்பா என்னைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். சோறு வடிக்கக் கற்றுக்கொண்டார். எனக்குப் பின்னல் போடக் கற்றுக்கொண்டார். பின்னல் எப்போதும் ஒரு பக்கமாகவே போகும்.

ஆண்டுதோறும் ஆயுத பூஜைக்கு மறுநாள் மாலை, நம் ஊர்க் கல்லூரிக்கும் போளூர்க் கல்லூரிக்கும் கூடைப்பந்துப் போட்டி நடக்கும். அன்று ஊரில் தறிகள் நிற்கும், மில்லும் நிற்கும். முந்தைய நாளே களத்தைக் கழுவிக் கோலம் போட்டு, பூசணிக்காய் உடைத்திருப்பார்கள். களத்தில் ஒரு மணி நெல் இருக்காது. மழையைப் பற்றிக் கவலைப்படாமல் களத்து ஆட்கள் வெளியே உட்காரக்கூடிய ஒரே மாலை அது. அம்மா இறந்த ஆண்டுதான் அப்பா என்னை அந்தப் போட்டிக்கு முதலில் அழைத்துப் போனார். மைதானத்தின் மேற்குப் பக்கம் நம் ஊர்க்காரர்கள், கிழக்குப் பக்கம் போளூர்க்காரர்கள். மேற்குப் பக்க பெஞ்சு முழுவதும் ஆண்கள். வழியிலேயே ஒருவர் அப்பாவை நிறுத்தினார்.

"பொட்டப் புள்ளய எதுக்குய்யா இங்க இட்டுகினு வர்ற?"

"ஊட்ல யாரு கீறாங்க?" என்றார் அப்பா.

கேட்டவர் நகர்ந்து இடம் விட்டார். அப்பா தன் துண்டை பெஞ்சில் விரித்து என்னை அதன்மேல் உட்கார வைத்தார்.

வீட்டில் அப்பா குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதே இல்லை. அன்று கேட்டேன். எழுந்து நின்று, கழுத்து நரம்பு புடைக்க, "போடு தம்பி, போடு!" என்று கத்தினார். எனக்குப் பயமாக இருந்தது. இவர் யாரோ என்றுகூடத் தோன்றியது. பிறகு, ஆண்டு முழுவதும் இந்தக் குரலை எங்கே வைத்திருந்தார் என்று யோசித்தேன்.

எதிர்ப்பக்கத்தில் ஒருவர் காக்கிச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். ஆரணி–போளூர் தனியார் பேருந்தின் நடத்துநர் திரு. ஏகாம்பரம். அவரைப் பின்னாளில் நான் கண்டக்டர் மாமா என்று அழைத்தேன். நம் ஊர் ஆட்டக்காரர் ஒருவர் கூடையைக் குறிபார்த்து நின்ற நேரத்தில் திடீரென்று விசில் கேட்டது. ஆட்டக்காரர் நின்றுவிட்டார். நடுவர் தன் விசிலையே ஒருமுறை பார்த்துக்கொண்டார். ஊதியவர் கண்டக்டர்.

"பழக்கம் சார். கை தானா வாய்க்கிப் போயிடுது" என்றார் எழுந்து நின்று.

அப்பா இந்தப் பக்கத்திலிருந்து கத்தினார். "யோவ், உன் பஸ்ஸு கெளம்பிடுச்சாம்! ஜல்தியா ஓடு!"

மைதானமே சிரித்தது. அந்த ஆண்டிலிருந்து இருவருக்கும் இடையே மைதானத்துக்குக் குறுக்கே ஒரு சண்டை நடந்துகொண்டே இருந்தது. ஆண்டுக்கு ஒரு மாலை மட்டுமே நடந்த சண்டை. நடுவில் அவர்கள் பேருந்தில் சந்தித்தால் ஒருவரையொருவர் தெரிந்ததாகவே காட்டிக்கொள்ள மாட்டார்கள்.

பள்ளி இறுதி வகுப்பில் எனக்கு நல்ல மதிப்பெண்கள் வந்துகொண்டிருந்தன. சென்னையில் பெண்கள் பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் படிக்கலாம் என்று அறிவியல் ஆசிரியை அப்பாவை அழைத்துச் சொன்னார். விடுதியில் தங்க வேண்டும். அப்பா உடனே தலையாட்டிவிட்டார். நான்தான் இரவும் பகலும் யோசித்தேன். நான் எதையும் வரிசைப்படுத்தி யோசிப்பவள். போவதற்கான காரணங்களை ஒரு பக்கமும் போகாமலிருப்பதற்கான காரணங்களை இன்னொரு பக்கமும் மனதில் அடுக்கினேன். முதல் பக்கத்தில் நிறைய இருந்தன. இரண்டாம் பக்கத்தில் ஒன்றுதான். அப்பாவுக்குப் பக்கத்தில் யார் இருப்பார்கள்? அந்த ஒன்றே மற்ற எல்லாவற்றையும்விடக் கனமாக இருந்தது.

அந்த ஆண்டுப் போட்டியின்போது அதைச் சொல்லிவிட முடிவு செய்தேன். ஆட்டம் முடிய இன்னும் கொஞ்ச நேரமே இருந்தது. இரண்டு பக்கமும் புள்ளிகள் சமம். அப்பா முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"அப்பா, நான் மெட்ராஸ் போகல. இங்கயே டைப் கத்துக்கறேன்."

ஆட்டத்திலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார். "ஏன்?"

"நீ தனியா இன்னா பண்ணுவ?"

அப்பா என் பக்கம் திரும்பினார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அப்போது முதல் துளி விழுந்தது.

அதற்குப் பிறகு நடந்தது ஒரு நொடியில் நடந்தது. அப்பா எழுந்தார். அவரோடு அந்த வரிசையில் இருந்த களத்து ஆட்கள் அத்தனை பேரும் எழுந்தார்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, யாரும் யாரையும் கேட்காமல், சுவரின் உடைந்த மூலையை நோக்கி ஓடினார்கள். எதிர்ப்பக்கத்திலிருந்து கண்டக்டர் மாமா இரண்டு கைகளையும் ஆட்டிக்கொண்டு கத்தினார்.

"யோவ்! இன்னிக்கு மில்லு லீவுய்யா! களத்துல நெல்லு இல்ல!"

ஒருவரும் காதில் வாங்கவில்லை. மைதானத்தில் சிரிப்பு எழுந்தது. நீளமான அந்த பெஞ்சில் நானும் அப்பாவின் துண்டும் மட்டும் இருந்தோம். தூறல் பெஞ்சின் மரத்தில் புள்ளி புள்ளியாக விழுந்துகொண்டிருந்தது. நான் சென்னைக்குப் போனால் ஒவ்வொரு ஆண்டும் அப்பா பார்க்கப்போவது இதைத்தான் என்று நினைத்தேன். பக்கத்தில் ஆளில்லாத ஒரு பெஞ்சு.

தரை நனைந்ததால் நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார். கண்டக்டர் மாமா குடையோடு மைதானத்தைக் கடந்து வந்து, அப்பாவின் இடத்தில் உட்கார்ந்தார். குடையை என் தலைக்கு மேல் பிடித்தார்.

"எதுக்குமா அழுவுற? நெல்லு நனையலியே."

நான் அழுதுகொண்டிருந்தது அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. முன்பின் பேசியிராத அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பாலிடெக்னிக், விடுதி, அப்பா தனியாக இருப்பது. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

தூறல் நின்றதும் அப்பாவும் மற்றவர்களும் சுவர் மூலையிலிருந்து ஒவ்வொருவராகத் திரும்பிவந்தார்கள். எல்லோர் முகத்திலும் வெட்கம் கலந்த சிரிப்பு.

"இன்னாய்யா ஆச்சு?" என்று கேட்டார் கண்டக்டர் மாமா.

"கோலந்தான் இருந்துச்சு" என்றார் அப்பா.

"அத்த தார்ப்பாய் போட்டு மூடிட்டு வந்தியா?"

"பாதி மூடிட்டோம்யா. அப்பறந்தான் தெரிஞ்சுது."

இரண்டு ஊர்க்காரர்களும் சேர்ந்து சிரித்தார்கள். அப்பா துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, "எந்திரியா. எங்க ஆளுங்க இடம் இது" என்றார்.

"நீதான் இடத்த உட்டுட்டு ஓடின. உம் பொண்ணு மெட்ராஸ் போகலயாமே. உனக்குத் தொணைக்கு ஆளில்லன்னு அழுவுது."

அப்பா தலையைத் துவட்டுவதுபோலத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு சற்று நேரம் நின்றார். பிறகு என்னிடம் பேசாமல் அவரிடமே பேசினார்.

"இது போவும். போய்ப் படிக்கும். எனக்கு இன்னா? சண்ட போடறதுக்கு நீ கீறியே. வருவியா, மாட்டியா?"

"பஸ்ஸு ஓடற வரிக்கும் வருவேன்யா."

"அவ்ளோதாம்மா" என்று அப்பா என்னைப் பார்த்தார். நான் கேட்ட கேள்விக்கு அதுதான் அவருடைய பதில். சாக்குப் பைகளால் தரையைத் துடைத்து ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள். அன்று போளூர் வென்றது.

மறு ஆண்டு அப்பா என் டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு விடுதி வாசல்வரை வந்தார். உள்ளே ஆண்கள் வரக்கூடாது என்றதும் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, சுற்றிலும் பார்த்தார். "இங்க மழ பேஞ்சா தண்ணி நிக்கும் போல கீது. பாத்து நட" என்றார்.

அந்த ஆண்டு தேர்வு இருந்ததால் போட்டிக்கு நான் வர முடியவில்லை. அன்று நடந்ததை மில் நண்பர்கள் சொல்லித்தான் அறிந்தேன். அப்பா வழக்கமான இடத்தில் உட்கார்ந்து, பக்கத்தில் துண்டை விரித்திருக்கிறார். யாராவது உட்கார வந்தால், "பொண்ணு வருது" என்றாராம். நான் வரமாட்டேன் என்பது அவருக்குத் தெரியும். அவர்களுக்கும் தெரியும். ஒருவரும் உட்காரவில்லை. இடைவேளையில் கண்டக்டர் மாமா மைதானத்தைக் கடந்து வந்தார். துண்டை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டு அங்கே உட்கார்ந்தார்.

"அது எம்பொண்ணு இடம்யா."

"தெரியும். வந்தா எந்திரிச்சிக்கறேன்."

ஆரணிக்காரர்கள் நடுவில் உட்கார்ந்துகொண்டு மீதி ஆட்டம் முழுவதும் அவர் போளூருக்காகக் கத்தியிருக்கிறார். அதன்பிறகு அதுவே வழக்கமானது. முதல் பாதி ஆட்டத்துக்கு அவர் தன் ஊர்ப்பக்கம். இரண்டாம் பாதிக்கு அப்பாவின் பக்கம். நான் வர முடிந்த ஆண்டில் அவர் எழுந்து, துண்டால் பெஞ்சைத் துடைத்து, "வாங்க மேடம், சூடு ஆறாம வெச்சிருக்கேன்" என்றார்.

படிப்பு முடிந்து சென்னையில் தொலைபேசி இணைப்பகத்தில் எனக்கு வேலை கிடைத்தது. ஊர்களுக்கு இடையே பேச்சு போகும் தடங்களைச் சோதித்துச் சரிசெய்வது என் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் மில் அலுவலகத்துக்குத் தொலைபேசி செய்வேன். அப்பாவைக் கூப்பிடுவார்கள். அவர் கருவியைக் காதில் வைத்துக்கொண்டு பேசாமல் நிற்பார். களத்தில் நெல்லைத் தள்ளும் ஓசை எனக்குக் கேட்கும்.

"சாப்ட்டியாப்பா?"

"ம். நீ?"

"சாப்ட்டேன்."

பிறகு மறுபடியும் அந்த ஓசை. நாள்தோறும் எத்தனையோ பேருடைய பேச்சைச் சரிசெய்து கொடுத்த எனக்கு அப்பாவிடம் என்ன பேசுவதென்று தெரியாது. அவருக்கும் தெரியாது. ஆனாலும் இருவரும் வைக்கமாட்டோம். கடைசியில் அவர்தான், "மேகம் கட்டுது, வெச்சிடறேன்" என்பார். கோடையிலும் அதையே சொல்வார்.

ஊருக்கு வரும்போது சிலவற்றைக் கவனித்தேன். அடுப்பில் சாம்பல் பழையதாக இருக்கும். என் தட்டு கழுவிக் கவிழ்த்தபடி அலமாரியில் இருக்கும். அப்பாவின் தட்டைக் காணோம். விசாரித்தபோது அது மில்லில் இருந்தது. விடுமுறை நாளிலும் சோற்றை எடுத்துக்கொண்டு காலிக் களத்தின் ஓரத்தில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறார் என்று காவல்காரர் சொன்னார். என்னோடு சென்னைக்கு வந்துவிடச் சொன்னேன். ஒருமுறை வந்தும் பார்த்தார். மாடியில் என் அறையின் ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர். "வானம் எந்தப் பக்கம்மா?" என்று கேட்டார். அந்த வாரமே திரும்பிவிட்டார்.

களத்துத் தூசு நெடுநாளாக அவருடைய நெஞ்சில் சேர்ந்திருந்தது. மூச்சு வாங்கத் தொடங்கிய பிறகும் வேலையை விடவில்லை. கடைசிப் போட்டியில் அவரால் கத்த முடியவில்லை. அவர் ஒவ்வொரு சொல்லாகச் சொல்ல, பக்கத்தில் இருந்த கண்டக்டர் மாமா அதை உரக்கக் கத்தினாராம். தன் ஊருக்கு எதிராகத் தானே கத்த வேண்டியிருந்ததாகப் பின்னால் என்னிடம் அலுத்துக்கொண்டார். கடந்த தை மாதத்தில், வேலூர் மருத்துவமனையில், பகல் நேரத்தில் அப்பா காலமானார். நான் அருகில் இருந்தேன். ஜன்னல் ஓரக் கட்டிலாகப் பார்த்து வாங்கியிருந்தோம். அன்று வானத்தில் மேகம் இல்லை.

நன்றி சொல்ல வேண்டியவர்களை வரிசைப்படுத்தினேன். மருத்துவமனையில் முறைபோட்டு இரவு தங்கிய களத்து நண்பர்கள், இறுதிச் சடங்குகளை முன்னின்று நடத்திய தேசூர் அத்தை குடும்பத்தார், அன்று மில்லை நிறுத்திவைத்த முதலாளி, என்னைப் படிக்கச் சொன்ன ஆசிரியை, எனக்கு விடுப்பு வாங்கித் தந்த அலுவலகத் தோழிகள், சுவருக்கு மேலே தலையை நீட்டி அப்பாவை அண்ணே என்று கூப்பிட்ட, பெயர் தெரியாத அந்த மாணவர். உங்கள் எல்லோருக்கும் என் வணக்கமும் நன்றியும். பெயர் விடுபட்டவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஒருவருக்கு மட்டும் நேரில் போய் நன்றி சொல்ல நினைத்தேன். அதற்காகவே இந்த ஆண்டுப் போட்டிக்கு வந்தேன். மேற்குப் பக்கத்தில் களத்து நண்பர்கள் என்னைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டார்கள். அங்கே உட்கார்ந்தேன். இடைவேளை வந்தது. கண்டக்டர் மாமா தன் இடத்தைவிட்டு எழவில்லை. இந்தப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, தலையைத் தாழ்த்திக்கொண்டார். நான் எழுந்து மைதானத்தைக் கடந்தேன். எங்கள் வீட்டிலிருந்து யாரும் அந்தப் பக்கம் போனதில்லை.

அவர் பக்கத்தில் ஒரு துண்டு விரித்திருந்தது.

"யாருக்கு மாமா?"

"உங்கப்பாவுக்குத்தாம்மா. ஒரு தடவயாவது எங்க பக்கம் வந்து குந்துறேன்னு சொல்லிகினே இருந்தாரு. பழக்கமாப் போட்டுட்டேன்." துண்டின் ஓரத்தை நீவிவிட்டார். "எடுத்துட்டு உக்காரு."

எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நன்றி என்ற சொல் வாய்வரை வந்து நின்றுவிட்டது. ஆட்டம் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் வெயில் மங்கியது. என் கையில் ஒரு துளி விழுந்தது.

எதிரே, மேற்குப் பக்க பெஞ்சில், களத்து ஆட்கள் அத்தனை பேரும் எழுந்தார்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சுவர் மூலையை நோக்கி ஓடினார்கள். இந்தப் பக்கத்திலிருந்து அதை நான் பார்ப்பது அதுதான் முதல்முறை. அந்தக் கூட்டத்தில் அப்பாவைத் தேடினேன். தேடிக்கொண்டிருந்தபோதுதான் நானும் எழுந்து நிற்பதை உணர்ந்தேன்.

கண்டக்டர் மாமா குடையை விரித்தார். இந்த முறை அவர் யாரையும் பார்த்துக் கத்தவில்லை.

"உக்காரும்மா" என்றார் மெதுவாக. "களத்துல நெல்லு இல்ல."